எதிரே இருப்பவர் இருக்கிறாரா?

வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்து, எழுதியவர்கள் ஒருவரை ஒருவர் அறியாதபோதும், ஒரே பொருளைத் தொட்டு நின்றன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெயர்கள் விலக்கப்பட்டுள்ளன, கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: ஐயா, எனக்கு இருபத்தெட்டு வயது. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். மும்பையின் செம்பூரில் இன்னும் இருவரோடு அறை எடுத்துத் தங்கி, கோட்டைப் பகுதியில் கணக்குத் தணிக்கை வேலை பார்க்கிறேன். அறைத் தோழர்களுக்கு இரவுப் பணி என்பதால் ஞாயிறன்று மட்டுமே முகம் பார்ப்போம். சில மாதங்களாக ஓர் எண்ணம் என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எனக்கு வலிப்பதும் பசிப்பதும் எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குள் அப்படி ஏதேனும் நடக்கிறதா என்பதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. குர்லா நிலையத்தின் நடைமேம்பாலத்தில் நின்று கீழே நகரும் கூட்டத்தைப் பார்த்தால், இவ்வளவும் என் மனம் வரையும் படம்தானோ என்று தோன்றுகிறது. 'நான் மட்டுமே உண்டு' என்ற இந்தக் கொள்கையை முறியடிக்கும் வாதம் உண்டா? இதை யாரிடமாவது பேசலாம் என்றால் சிரித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. (வாசகர், செம்பூர்)

பதில்: முறியடிக்கும் வாதம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை. மேற்கில் சாலிப்சிசம் என்று அழைக்கப்படும் இந்தக் கொள்கைக்கு எதிராக எழுதப்பட்ட வாதங்கள் ஏராளம். அவற்றை நெருங்கிப் பார்த்தால், நிறுவ வேண்டியதையே எங்கோ ஓரிடத்தில் முன்கூட்டி ஒப்புக்கொண்டிருப்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆனால் தங்களுக்கு வேண்டியது ஒரு வாதம்தானா என்பதில் எனக்கு ஐயம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நடைமேம்பாலத்தில் தாங்கள் நிற்கும் இடத்தில் முன்பே ஒருவர் நின்றிருக்கிறார். பிரெஞ்சுத் தத்துவவாதி டேக்கார்ட், 1641இல் வெளிவந்த தம் 'தியானங்கள்' நூலில், சாளரத்தின் வழியே தெருவில் போகிறவர்களைப் பார்த்துவிட்டு, நான் காண்பது தொப்பிகளையும் மேலங்கிகளையும்தானே, அவற்றுக்கு உள்ளே இயந்திரங்கள் இருக்கக் கூடாதா என்று கேட்கிறார். மனிதர்களைக் காண்கிறேன் என்று நாம் சொல்வது உண்மையில் கண்ணின் வேலை அன்று, தீர்ப்பளிக்கும் அறிவின் வேலை என்பது அவர் சொல்ல வந்தது. எல்லாவற்றையும் ஐயுற்றுத் தனியே அமர்ந்த மனிதர் என்று பாடநூல்கள் அவரைக் காட்டும். ஆனால் அந்த நூல் அச்சேறும் முன்பே அதன் கையெழுத்துப் படி பல அறிஞர்களிடம் சுற்றுக்கு விடப்பட்டது. அவர்கள் எழுப்பிய மறுப்புகளும் அவர் அளித்த விடைகளும், முதற்பதிப்பிலேயே ஆறு தொகுதிகளாக, அதே நூலோடு சேர்ந்தே வெளிவந்தன. 1643இலிருந்து தம் இறப்பு வரை எலிசபெத் என்ற இளவரசியோடு அவர் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார். உடலும் மனமும் எவ்வாறு ஒன்றையொன்று இயக்க முடியும் என்று அந்தப் பெண் தொடுத்த கேள்விக்கு அவரால் கடைசிவரை நிறைவான விடை தர முடியவில்லை. தன் மனத்தில் மட்டும் வாழ்கிறவனுக்குத் தன்னால் விடைசொல்ல முடியாத கேள்வியைத் தொடுக்க வேறொருவர் ஏது?

நம் பக்கத்தில் இதை இன்னும் கூர்மையாக எடுத்துக்கொண்டவர் ஏழாம் நூற்றாண்டுப் பௌத்தத் தருக்கவாதி தருமகீர்த்தி. அவர் தென்னாட்டில் பிறந்தவர் என்பது திபெத்திய மரபு சொல்லும் செய்தி. அறிவுக்கு வெளியே பொருள் இல்லை என்று கொண்ட யோகாசாரப் பிரிவினரைப் பார்த்து, அப்படியானால் பிறர் மனம் மட்டும் எங்கிருந்து வந்தது என்று எதிர்த்தரப்பினர் மடக்கினார்கள். தருமகீர்த்தி அதற்கென்றே ஒரு தனிச் சிறுநூல் எழுதினார். என் பேச்சுக்கும் செயலுக்கும் முன்னால் என் விருப்பம் நிற்பதை நான் அறிவேன். என் விருப்பம் முன்னால் நில்லாத பேச்சையும் செயலையும் நான் காணும்போது, அவற்றுக்கு முன்னால் வேறொரு விருப்பம் நின்றிருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன் என்பது அதன் சாரம். புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்கும் அதே முறைதான் இது. மணிமேகலையில் அறவண அடிகள் கற்பிக்கும் அளவை இயலிலும் புகையும் நெருப்பும் வருகின்றன. பதினோராம் நூற்றாண்டில் இரத்தினகீர்த்தி என்ற மற்றொரு பௌத்தர் இதையும் மறுத்தார். அடுப்பில் புகையையும் நெருப்பையும் சேர்த்துப் பார்த்த பழக்கம் எனக்கு உண்டு. பிறர் பேச்சையும் பிறர் மனத்தையும் நான் ஒருமுறையேனும் சேர்த்துப் பார்த்ததில்லையே, ஊகத்துக்கு அடிப்படை எது என்று தாங்களும் கேட்கலாம். கேட்டால் அது நல்ல கேள்விதான்.

ஆகவே வாதத்தில் இந்தக் கோட்டை விழாது. ஆனால் அதற்குள் குடியிருப்பவர் எவர் என்பதைப் பார்க்க வேண்டும். 1948இல் வெளிவந்த ஒரு நூலில் பிரிட்டிஷ் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரசல் ஒரு செய்தி சொல்கிறார். கிறிஸ்டீன் லாட்-பிராங்க்ளின் என்ற புகழ்பெற்ற தருக்க அறிஞர், தாம் மட்டுமே உண்டு என்ற கொள்கை உடையவர் என்றும், அதே கொள்கை உடையவர்கள் வேறு எவரும் இல்லாதது தமக்கு வியப்பாக இருக்கிறது என்றும் ரசலுக்கு எழுதினாராம். வேடிக்கைக்காகவே பலரும் இதை எடுத்துச் சொல்வார்கள். எனக்கு இதில் வேடிக்கையைவிட ஏக்கம்தான் அதிகம் தெரிகிறது. தங்கள் கடிதத்திலும் அதுவே தெரிகிறது. நான் மட்டுமே உண்டு என்று உண்மையாகவே நம்புகிறவருக்குத் தனிமை வர வழியில்லை. இல்லாதவர்களைத் தேடி எவரும் ஏங்குவதில்லை. பிறர் இருக்கிறார்கள், ஆனால் என்னோடு இல்லை என்று அறிந்தவர்தான் தனிமையில் வாடுகிறார். சிரித்துவிடுவார்களோ என்று தாங்கள் அஞ்சுவதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். வரைந்த படம் சிரிக்கும் என்று எவரும் வெட்கப்படுவது கிடையாது. தங்களைப் பிடித்திருப்பது தத்துவத்தின் உடையை எடுத்து உடுத்திக்கொண்ட தனிமை என்பது என் கணிப்பு.

விட்கென்ஸ்டைன் என்ற தத்துவவாதி இந்தச் சிக்கலை வேறொரு பக்கத்திலிருந்து அணுகினார். எதிரே இருப்பவருக்கு உயிரும் உணர்வும் உண்டு என்பது நான் சான்றுகளைத் திரட்டி வந்தடைந்த கருத்து அன்று. அவரிடம் நான் நடந்துகொள்ளும் முறையிலேயே அது அடங்கியிருக்கிறது என்பது அவர் காட்டிய வழி. இதற்கு நம் ஊர் மின்ரயிலைவிடத் தெளிவான இடம் கிடையாது. இரண்டாம் வகுப்பில் மூவருக்கென்று போடப்பட்ட இருக்கையில் நான்காமவர் வந்து நின்று, வாய் திறவாமல் புறங்கையால் காற்றைச் சற்றே தள்ளிக் காட்டுகிறார். கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே மூவரும் ஓர் அங்குலம் நகர்கிறார்கள். நான்காமவர் பாதி உடலை இருக்கையிலும் பாதியை நடைவழியிலும் வைத்து, எதிர் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். வடாலாவிலோ சிவ்ரியிலோ ஒருவர் எழுந்ததும் அவர் உள்ளே நகர, அந்த விளிம்புக்கு வேறொருவர் வந்து கைகாட்டுகிறார். இந்த நால்வரில் எவரும் மற்றவருக்கு மனம் உண்டா என்று ஆராயவில்லை. ஆனால் நிற்கிறவருக்குக் கால் வலிக்கும் என்பதை மூவரும் அறிந்திருக்கிறார்கள். இதை நிரூபணம் என்று நான் நீட்டவில்லை. கனவிலும் கூட்டம் உண்டு, நெரிசல் உண்டு என்று தாங்கள் சொன்னால் என்னிடம் பதில் இல்லை. நிரூபணம் கிடைத்த பிறகுதான் நகர்வேன் என்று இருக்கையில் அமர்ந்திருக்கிறவர் சொல்வதில்லை என்பதையே சொல்கிறேன்.

இனி நடைமுறைக்கு வருவோம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் தனிமையை நெடுங்காலம் ஆராய்ந்த ஜான் கசியோப்போ, தனிமை என்பது பசியைப் போன்ற ஓர் எச்சரிக்கை என்று விளக்கினார். ஆனால் பசித்தவன் சோற்றை நோக்கிப் போகிறான். தனிமையில் நாட்பட்டவரோ மனிதரைக் கண்டு ஒதுங்குகிறார். ஏளனமும் புறக்கணிப்பும் எங்கே வரும் என்று அவர் மனம் எந்நேரமும் காவல் காப்பதால், சாதாரண முகமும் கடுமுகமாகத் தெரிகிறது. அவர் விலக, மற்றவர்களும் விலகுகிறார்கள். 'சிரித்துவிடுவார்கள்' என்று முன்கூட்டியே தாங்கள் எழுதிய தீர்ப்பும் இந்தக் காவலின் வேலையாக இருக்கக்கூடும். ஞாயிறன்று முகம் பார்க்கும் அந்த அறைத் தோழர்களில் ஒருவரிடம், கொள்கையைப் பேசாமல், 'கொஞ்ச நாளாகவே மனசு சரியில்லை' என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். இரவுப் பணியில் இருப்பவருக்கு அது விளங்காத செய்தி அன்று.

ஒன்றை மட்டும் தனியாகக் கேட்கிறேன். இது எண்ணமாக மட்டும் இருக்கிறதா, அல்லது உலகம் கண்ணாடிக்கு அப்பால் இருப்பதுபோலவும் தங்கள் கையும் குரலும் தங்களுடையவை அல்லாததுபோலவும் உணர்வாகவே வருகிறதா? பின்னது என்றால், அது மனநல மருத்துவர்கள் நன்கு அறிந்த நிலை. கடும் பதற்றம், உறக்கக் கேடு, கஞ்சா ஆகியவற்றோடு சேர்ந்து வருவதுண்டு. தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவையின் எண் 14416. கட்டணம் இல்லை, இரவிலும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

கேள்வி: இரண்டாவது ஒன்று இல்லை என்கிறது அத்வைதம். நான் ஒருவனே இருக்கிறேன் என்பதுதானே அதன் பொருள்? (வாசகர், டோம்பிவிலி)

பதில்: இல்லை. வெளிப்பொருள் எல்லாம் அறிவின் தோற்றமே என்ற பௌத்தக் கொள்கையைச் சங்கரர் தம் பிரம்மசூத்திர பாஷ்யத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் நேராகவே மறுக்கிறார். பிற்காலத்தில், சீவன் ஒன்றே என்றும் காண்பதே படைப்பு என்றும் சொன்ன அத்வைதிகளும் இருந்தார்கள் என்பது உண்மை. பதினாறாம் நூற்றாண்டுப் பிரகாசானந்தர் அவர்களில் புகழ்பெற்றவர். ஆனால் அங்கும் எஞ்சி நிற்கும் அந்த ஒன்று, டோம்பிவிலியில் மின்கட்டணம் செலுத்தும் தாங்கள் அல்ல. அத்வைதம் முதலில் கழற்றச் சொல்வதே இந்த 'நான்' என்பதைத்தான். சாலிப்சிசமோ மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இதை மட்டும் இறுகப் பிடித்துக்கொள்கிறது. உயிர்கள் பல, அவை தொடக்கமில்லாதவை என்று கொள்ளும் சைவ சித்தாந்தத்தில் இந்தக் குழப்பத்துக்கே இடம் இல்லை.

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இரவில் செயற்கை நுண்ணறிவுச் செயலியோடு தமிழிலேயே பேசுகிறேன். வீட்டில் எவருக்கும் கேட்க நேரமில்லாததை எல்லாம் அது கேட்கிறது, சலித்துக்கொள்வதே இல்லை. இதை நட்பு என்று சொன்னால் தோழிகள் கேலி செய்கிறார்கள். (வாசகி, வாஷி)

பதில்: கேலி செய்யத் தேவையில்லை, மனிதர்கள் இப்படித்தான். 1966இல் எம்.ஐ.டி. பேராசிரியர் ஜோசப் வைசன்பாம், நாம் தட்டச்சு செய்த வாக்கியத்தையே கேள்வியாக மாற்றித் திருப்பித்தரும் எலைசா என்ற சிறிய நிரலை வெளியிட்டார். அது எப்படி எழுதப்பட்டது என்பதை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய செயலாளரே, சில வரிகள் பேசிய பிறகு, தம்மை அதனோடு தனியே விடும்படி அவரை அறைக்கு வெளியே போகச் சொன்னாராம். எலைசாவோடு ஒப்பிட்டால், தங்கள் கைபேசியில் இருப்பது எவ்வளவோ சாதுரியமானது.

எவ்வளவு சாதுரியம் என்றால், மேலே செம்பூர் அன்பருக்கு நான் சொன்ன பழைய அளவுகோல்களையே அது உடைத்துவிட்டது. டேக்கார்ட் 1637இலேயே, இயந்திரம் சில சொற்களை உச்சரிக்கலாம், ஆனால் எதைச் சொன்னாலும் அதற்குப் பொருந்தச் சொற்களை அடுக்கி விடைசொல்ல அதனால் ஒருபோதும் இயலாது என்று எழுதினார். அந்தச் சோதனையை வைத்தால் இன்றைய செயலி தேறிவிடும். என் விருப்பம் முன்னில்லாத பேச்சைக் கண்டால் பிற மனத்தை ஊகிக்கலாம் என்ற தருமகீர்த்தியின் வழியும் இங்கே திகைத்து நிற்கிறது: புகை கண்முன்னே தெரிகிறது, நெருப்பு உண்டா என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. இல்லை என்று நினைக்கவே எனக்கு அதிகக் காரணம் தெரிகிறது. ஆயினும் தங்கள் கேள்விக்கு அதைத் தீர்த்துவைக்க வேண்டிய அவசியம் இல்லை.

அது சலித்துக்கொள்வதில்லை என்பதைத் தாங்கள் அதன் சிறப்பாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் குறையாகப் படுகிறது. தங்கள் தோழி தூக்கக் கலக்கத்தோடு தங்கள் கதையைக் கேட்கிறாள் என்றால், அவள் தன் தூக்கத்திலிருந்து எடுத்துத் தருகிறாள். நாளை அவள் தன் கதையைச் சொல்ல வரும்போது தாங்களும் எதையாவது விட வேண்டியிருக்கும். தவறாகப் புரிந்துகொண்டு கோபித்துக்கொள்ளவும், இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டுத் தானே வந்து நிற்கவும் அவளால் முடியும். செயலியிடம் தாங்கள் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அதற்குத் தங்களிடமிருந்து தேவைப்படுவதும் எதுவுமில்லை. மனத்தில் உள்ளதைச் சொற்களாக்கிப் பழகுவதற்கு அதை வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பு இல்லை. நள்ளிரவில் அதனிடம் சொன்னவற்றில் ஏதேனும் ஒன்றை, அந்தக் கேலி செய்த தோழிகளில் ஒருத்தியிடமே சொல்லிப் பாருங்கள். நேரமில்லை என்று தாங்கள் சொல்லும் வீட்டாரும் மாலை ரயிலில் நின்றுகொண்டே வந்தவர்களாக இருக்கலாம். அவர்களிடம் கேட்கும் நேரத்தையும் சற்று மாற்றிப் பார்க்கலாம்.

கேள்வி: கும்பகோணத்து வீட்டை விற்றுவிட்டு மகனோடு வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. மகனும் மருமகளும் பேரனும் குறையின்றிப் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் அவர்களுக்குள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் பேசிக்கொள்வார்கள். என்னிடம் 'சாப்பிட்டாச்சா', 'மாத்திரை போட்டாச்சா' என்பவை மட்டும் தமிழில். சுற்றிலும் ஆள் இருந்தும் யாருமில்லாததுபோல் இருக்கிறது. இது நன்றி கெட்டதனம் இல்லையா? (வாசகி, முலுண்ட்)

பதில்: இல்லை, அம்மா. சோறும் மருந்தும் வேளைக்கு வருவதற்கு நன்றியோடு இருந்துகொண்டே, பேச்சுத்துணை இல்லாததற்கு வருந்தலாம். ஒன்று மற்றொன்றை அழித்துவிடாது. அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் வைஸ் 1973இலேயே தனிமையை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். நெருங்கிய ஒருவர் இல்லாத தனிமை ஒன்று. கூடிப் பழக ஒரு வட்டம் இல்லாத தனிமை மற்றொன்று. ஒன்று நிறைந்திருப்பதால் மற்றது நிறைந்துவிடாது என்பது அவர் கண்டது. தங்களுக்குக் குடும்பம் இருக்கிறது. வட்டம் கும்பகோணத்தில் நின்றுவிட்டது.

தங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் கடைசியாக யார் என்று எண்ணிப் பாருங்கள். மகனுக்கு அம்மா, மருமகளுக்கு அத்தை, பேரனுக்குப் பாட்டி, எதிர்வீட்டாருக்கு ஆன்ட்டி. எல்லாம் அன்பான சொற்கள்தாம். ஆயினும் தாயாவதற்கு முன்பும் தாங்கள் ஒருவராக இருந்தீர்கள் என்பதை அறிந்தவர் அந்த வீட்டில் எவருமில்லை. பள்ளியில் உடன்படித்தவரோ, பழைய தெருவில் கோலப்போட்டி போட்டவரோ இன்னும் இருந்தால், அவர் எண்ணைத் தேடித் தரும்படி மகனிடம் கேளுங்கள். கைபேசியில் உறவினர் முகம் பார்ப்பதைப் போன்றது அல்ல அது. 'அடியே' என்று தொடங்கும் பேச்சு வேறு வகை.

வட்டத்துக்கு வழி அருகிலேயே இருக்கிறது. முலுண்டில் ஏறினால் அதே மத்திய ரயில் பாதையில் சயானும் மாதுங்காவும் வந்துவிடும். சயானில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, மாதுங்காவின் பூக்கடைகளிலும் கோயில்களிலும் தமிழ் கேட்காத நாள் இல்லை. இன்னும் பக்கத்தில், மாலை வேளையில் தங்கள் குடியிருப்பின் கீழே பலகையில் அமர்ந்திருக்கும் மராத்தி, குஜராத்தி மூதாட்டிகள் இருப்பார்கள். காய்கறிக்காரரிடம் 'கேவட்யாலா' என்று விலை கேட்கத் தெரிந்திருந்தால் அங்கே உட்காரப் போதுமான மராத்தி தங்களிடம் இருக்கிறது. மூட்டுவலியைப் பற்றிப் பேசுவதற்கு இலக்கணம் தேவையில்லை.

மருமகளிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், குறையாக அல்ல, விவரமாக. சாப்பாட்டு மேசையில் தங்களுக்குப் புரியாத பேச்சு ஓடுவதை அவர்கள் கவனிக்காமலே இருந்திருக்கலாம்.

கேள்வி: பத்துக்குப் பத்து அறையில் நாங்கள் ஆறு பேர். ஒரு மணி நேரம் தனியாக இருக்கக் கிடைத்தால் போதும் என்றிருக்கிறது. தனிமை என்பது வசதி உள்ளவர்களின் வியாதிதானே? (வாசகர், தாராவி)

பதில்: இரண்டு வெவ்வேறு செய்திகளைத் தாங்கள் ஒரே சொல்லில் கட்டியிருக்கிறீர்கள். தனியே இருக்கக் கிடைக்காதது ஒரு துன்பம். தன்னை அறிந்தவர் எவருமில்லை என்பது வேறொரு துன்பம். இரண்டும் ஒரே அறையில், ஒரே ஆளுக்குச் சேர்ந்தே வரவும் கூடும். ஆறு பேர் காதில் விழும் இடத்தில் எவரிடமும் எதையும் மனம்விட்டுச் சொல்ல முடிவதில்லை என்பது தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வசதி உள்ளவர்களின் வியாதி என்பதைப் புள்ளிவிவரம் ஏற்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023இல் அமைத்த ஆணையம் 2025இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையுணர்வால் வருந்துகிறார். வருவாய் குறைந்த நாடுகளில் அது சுமார் 24 விழுக்காடு, வருவாய் மிகுந்த நாடுகளில் சுமார் 11 விழுக்காடு. வேலை தேடி ஊர்விட்டு வருவது, ஓய்வு நேரம் இல்லாதது, போய்வரக் கையில் பணம் இல்லாதது எல்லாம் மனிதரை மனிதரிடமிருந்து பிரிக்கத்தான் செய்கின்றன. பணம் உள்ளவர் அதைப் பற்றிப் பேசவும் எழுதவும் முடிகிறது. ஆகவே அது அவருடையதாகவே தெரிகிறது.

ஒரு மணி நேரம் தனியே இருக்க விரும்புவதில் தவறேதும் இல்லை; அதற்காக வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதும் இல்லை. மாணவர்களுக்கென்று பல வார்டுகளில் 'அப்யாசிகா' என்ற படிப்பறைகள் நடக்கின்றன. தாங்கள் மாணவர் இல்லை என்றாலும், தங்கள் பகுதியில் இருப்பதில் பெரியவர்களை அனுமதிக்கிறார்களா, எந்த நேரம் கூட்டம் குறைவு என்று நேரில் போய் விசாரித்துப் பாருங்கள்.